வேண்டாதவை: கரண்டி

குழுவில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. வைத்தவரை அவள் எப்போதோ வெளியே அனுப்பியிருப்பாள் என்பது மட்டும் எல்லோருக்கும் நிச்சயம்.

பகலில் அவள் ஒரு கண்ணாடிக்கடையின் உள்ளறையில் கண் பரிசோதிக்கிறவள். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதுல தெளிவா இருந்துச்சா?" என்று நாளெல்லாம் கேட்டுக் கேட்டு, "ரெண்டும் ஒரே மாதிரிதாங்க இருக்கு" என்று இழுக்கிறவர்கள் மேல் தீராத வெறுப்பு வளர்த்து வைத்திருந்தாள். ஒன்று இது, இல்லாவிட்டால் அது. நடுவில் நிற்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. சாயங்காலம் கடை சாத்தியதும் அதே குணத்தோடு கதை மாற்று நடத்தப் போய்விடுவாள்.

கதை மாற்று என்றால் என்ன என்று இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பழைய இழுவைக் கப்பல் ஒன்றைப் பற்றி டிவியில் ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. நடுக்கடலில் பழுதாகி நிற்கும் கப்பல்களைக் கட்டி இழுத்து வருவது அதன் வேலை. ஒரு கேப்டன், ஒரு ரேடியோக்காரி, எந்நேரமும் அவர்களுக்குள் சண்டை. ஒரு நாள் சேனல்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் தொடரை நிறுத்திவிட்டார்கள். அந்த இரண்டு பேரையும் விட மனமில்லாத கொஞ்சம் பேர் இணையத்தில் குழுவாகச் சேர்ந்து, மேற்கொண்டு நடப்பதைத் தாங்களே எழுத ஆரம்பித்தார்கள். வருடத்துக்கு ஒரு முறை ஆளுக்கு ஆள் கதையைப் பரிசாகக் கொடுத்துக்கொள்வார்கள். எப்படிப்பட்ட கதை வேண்டும் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும்; எது தலைகாட்டவே கூடாது என்று இன்னொரு கட்டம். யாருக்கு யார் எழுதுகிறார் என்பது, முகம் காட்டும் நாள் என்று ஒன்று வரும்வரை பரம ரகசியம். கதை கிடைத்தவர் ஒரு வாரத்துக்குள் இரண்டு வரியாவது நன்றி எழுதியாக வேண்டும். தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அடுத்த வருடம் இடம் கிடையாது.

இந்த விதிகளில் முக்கால்வாசி ஜட்ஜம்மா போட்டவை. அதிலும் வேண்டாதவை என்ற கட்டத்தை அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். மழை வேண்டாம், ரத்தம் வேண்டாம், குழந்தை வேண்டாம், யாரும் எதையும் எழுதலாம். ஏன் என்று கேட்டால் கேட்டவர் வெளியே. போன வருடம் ஒருவர் நாய் வேண்டாம் என்றிருந்தார். அவருக்கு எழுதியவர் கெட்டிக்காரத்தனமாக நாயைக் காட்டாமல், துறைமுகத்தில் எங்கோ ஒரு குரைப்பை மட்டும் வைத்தார். ஜட்ஜம்மா கதையைத் தூக்கிக் கடாசிவிட்டு ஒரு வரியில் தீர்ப்பு எழுதினாள்: குரைத்தால் நாய்தான்.

அப்படிப்பட்டவள் முன்னால்தான் இந்த வருடம் ஸ்டெப்னி என்ற புனைபெயரில் ஒரு புது ஆளின் படிவம் வந்து விழுந்தது. வேண்டியவை: கேப்டனும் ரேடியோக்காரியும் மழையில் மாட்டிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் கப்பலுக்குள் வந்த தண்ணீரை இறைக்க வேண்டும். வேண்டாதவை: கரண்டி.

ஜட்ஜம்மாவுக்கு ஜிவ்வென்று ஏறியது. கரண்டி என்பது சமையலறைச் சாமான் இல்லை. அவள்தான் அந்தக் குழுவின் செல்லப்பிள்ளை. தொடரில் எல்லோரும் வாராவாரம் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்; சமைத்தது யார் என்று கடைசி வரை காட்டவில்லை. அந்த ஓட்டையில் நுழைந்து வந்தவள் கரண்டி. கேப்டனையே நீ, வா, போ என்று பேசும் நெட்டைச் சமையல்காரி. ஜட்ஜம்மா எழுதிய நீண்ட கதையில் பிறந்து, இன்று குழுவில் யார் கதை எழுதினாலும் எட்டிப் பார்க்கிறவள். அவளைப் படைத்தவள் என்பதுதான் ஜட்ஜம்மாவுக்கு இருந்த மரியாதையின் ஆணிவேர்.

படைத்தது அவள் இல்லை. அவளுடைய அக்கா.

"இவங்களுக்கெல்லாம் யாருடி சமைக்கிறா?" என்று கேட்டது அக்கா. கேட்ட வாயாலேயே பதில் சொன்னதும் அவள்தான். இரண்டு பேரும் அப்போது ஒரே அறையில் மேல்கட்டில், கீழ்க்கட்டில். அக்கா மேலே படுத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, தங்கை கீழே உட்கார்ந்து தட்டினாள். குழுவில் ஏற்றும்போது ஒரு பெயர் போடத்தான் இடமிருந்தது என்று ஜட்ஜம்மா இன்றைக்கும் சாதிப்பாள். இரண்டு பெயர் போடலாம். கமா என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது.

அக்கா அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பிறகு ஒரு ரசிகர் சந்திப்பில், கரண்டி எப்படித் தோன்றினாள் என்று யாரோ மைக்கை நீட்டியபோது, "ஒருநாள் அடுப்பு துடைச்சுட்டு இருந்தேன், சட்டுனு மனசுல வந்து நின்னா" என்று தங்கை கூசாமல் அளந்துவிட்டாள். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போனவள்தான். மூன்று வருடமாகப் பேச்சு இல்லை, போன் எடுப்பதில்லை, விசேஷ வீட்டில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள்.

ஸ்டெப்னி யார் என்பதில் ஜட்ஜம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை. வீட்டில் யார் படுத்தாலும் ஓடிப்போய் நிற்கிறவள் அக்காதான். "நான் இந்த வீட்டு ஸ்டெப்னி, பஞ்சரானாதான் என் ஞாபகம் வரும்" என்று அவளே சொல்லிக்கொள்வாள். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள் வேறு எந்தப் பெயரை வைத்துக்கொள்வாள்?

ஸ்டெப்னிக்கு எழுத வேண்டியிருந்த பேங்க் கிளார்க் படியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டு விலகினார். இப்படி நடந்தால் ஆபத்பாந்தவர் தேவை என்று குழுவில் அறிவிப்புப் போட வேண்டும். முதலில் கை தூக்குகிறவருக்கு அந்த வேலை. ஜட்ஜம்மா அறிவிப்பே போடவில்லை. தானே எடுத்துக்கொண்டாள்.

"போன் பண்ணிப் பேசிட்டா முடிஞ்சுது. இதுக்கு எதுக்குக் கதை?" என்றான் அவள் புருஷன். லிஃப்ட் மெக்கானிக். எதையும் ஒரு பொத்தானில் முடிக்கப் பார்க்கிறவன்.

"நான் எதுக்குப் பண்ணணும்? அவ பேசட்டும். கதை கிடைச்சா நன்றி எழுதியே ஆகணும். விதி."

"யாரு எழுதினதுன்னு தெரியாமதானே நன்றி சொல்லுவாங்க?"

"முகம் காட்டுற அன்னிக்குத் தெரியும்ல. குழுவே பார்க்கும். எனக்கு நன்றி சொன்னது நிக்கும்ல."

"இதுக்கு நேராப் போய் ரெண்டு அறை விட்டுட்டு வந்துடலாம்" என்று சொல்லிவிட்டு அவன் குளிக்கப் போனான்.

அவனுக்குப் புரியவில்லை. அவளுக்கு வேண்டியது அக்கா வாயிலிருந்து ஒரு வார்த்தை. கெஞ்சி வாங்க அவளுக்கு வராது. மன்னிப்புக் கேட்பதென்றால் நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். விதியைக் காட்டி வாங்குவது என்றால் அது அவளுக்குக் கைவந்த கலை. கழுத்தில் கத்தி வைத்தாவது அந்த இரண்டு வரியை வாங்கிவிட வேண்டும் என்று இருந்தது.

கதையை அவள் உயிரைக் கொடுத்து எழுதினாள். மழை, இரண்டு பேர், வாளி, பேச்சில்லை. எல்லாம் கேட்டபடி. ஆனால் கப்பலின் சமையலறை பூட்டிக் கிடந்தது. கேப்டன் டப்பாவிலிருந்து நமுத்த பிஸ்கட்டை எடுத்துத் தின்றுவிட்டு அந்தக் கதவைப் பார்த்தார். ரேடியோக்காரி ஆறிப்போன டீயைக் குடிக்காமல் வைத்தாள். அடுப்புக்கு மேலே ஒரு கொக்கி காலியாகத் தொங்கியது. கரண்டி என்ற சொல் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓரிடத்தில்கூட இல்லை. தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். எவள் குறை சொல்கிறாள் பார்ப்போம் என்று ஏற்றிவிட்டு, கை கழுவிவிட்டுச் சாப்பிட்டாள்.

மற்றவர்களின் கதைகளுக்கெல்லாம் நன்றி மழை கொட்டியது. ஸ்டெப்னியின் கதைக்குக் கீழே காக்கா குருவி இல்லை. அதற்குப் பதிலாகக் குழு நடத்துநர்களின் பெட்டிக்கு ஒரு புகார் வந்தது. அந்தப் பெட்டியை ஜட்ஜம்மாவும், அவளுக்கு உதவியாக இருந்த நர்ஸும் மட்டும் திறக்கலாம். புகார் ஒரே வரி.

"பேர் போடலைன்னா ஆள் இல்லைன்னு ஆயிடாது."

ஜட்ஜம்மா அதைக் கடையில், ஒரு பெரியவரின் கண்ணில் சொட்டுமருந்து விட்டுவிட்டு அவர் மூடிய கண்ணோடு காத்திருந்தபோது படித்தாள். அக்கா கதையைப் பற்றிப் பேசவில்லை என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. முகம் பற்றி எரிந்தது. இன்னும் எத்தனை நேரம் மூடியிருக்க வேண்டும் என்று பெரியவர் கேட்டார். அவர் மேல் எரிந்து விழுந்தாள்.

மறுநாள் மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பஸ் நிறுத்தும் கொட்டகைக்கே போய்விட்டாள். மஞ்சள் பஸ்கள் வரிசையாக நின்றன. அக்கா தன் பஸ்ஸுக்குள் சீட்டுக்கடியில் கிடந்த மிட்டாய்க் காகிதங்களையும் பென்சில் சீவலையும் கூட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். காதோரம் நரை கூடியிருந்தது. அதைப் பார்த்ததும் ஜட்ஜம்மாவுக்கு அழுகை வரப் பார்த்தது. அதனாலேயே குரலை உயர்த்தினாள்.

"புகார் குடுக்கிற அளவுக்கு வந்துட்டியா? ஒரு எடத்துல அவ பேரு இருக்கா, காட்டு!"

துடைப்பம் அடுத்த சீட்டுக்குப் போனது.

"உனக்காக ராப்பகலா உக்காந்து எழுதினேன். வேற யாருக்காவது இப்படி எழுதியிருக்கேனா? கேட்டுப் பாரு குழுவுல."

அக்கா ஜன்னலோரம் ஒட்டியிருந்த சூயிங்கத்தை நகத்தால் சுரண்டினாள்.

"அந்த ஒரு பேருக்காக மூணு வருஷமா மூஞ்ச தூக்கி வெச்சிட்டு இருக்கியே, உனக்கே அசிங்கமா இல்ல? நீ சொன்னது எவ்ளோ, நான் சேத்தது எவ்ளோ? வாயத் தொறந்து பேசேன்!"

பக்கத்து பஸ்ஸின் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் நிமிர்ந்தார். "என்ன டிரைவரம்மா, ஏதாவது பிரச்சினையா? யாரு இவங்க?"

அக்கா குப்பையை முறத்தில் அள்ளி வாளியில் கொட்டினாள். "தெரியலைங்க. எங்கயோ போக வேண்டியவங்க, இங்க வந்து நிக்கிறாங்க."

பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அமுக்கினாள். பஸ் கதவு புஸ்ஸென்று மூச்சு விட்டபடி ஜட்ஜம்மாவின் மூக்குக்கு முன்னால் மூடிக்கொண்டது. பக்கத்து டிரைவர் மரியாதையாகவே மெயின் ரோட்டுக்கு வழி காட்டினார்.

அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், புகார் இன்னும் நிலுவையில் இருந்தது. தன் கதை மேல் வரும் புகாரைத் தானே விசாரிக்க முடியாது. நர்ஸ்தான் முடிவு சொல்ல வேண்டும். நர்ஸ் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள்; குழுவில் "சரிங்க ஜட்ஜம்மா" என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் எழுதி யாரும் பார்த்ததில்லை. ஜட்ஜம்மா பஸ் ஸ்டாப்பில் நின்றே அவளைக் கூப்பிட்டாள்.

"அந்தப் புகார தள்ளிடு. வார்த்தையே இல்லாத எடத்துல என்ன விதிமீறல்?"

பின்னணியில் பல் துளைக்கும் மெஷின் இரைந்தது. "நான் ரெண்டு தடவ படிச்சேங்க. கொக்கி இருக்கு. பூட்டின சமையல்கட்டு இருக்கு. கேப்டன் அந்தக் கதவப் பாக்குறாரு. அவங்க இல்லாத எடமே இல்லைங்க அந்தக் கதையில."

"இல்லாதவ எப்படிம்மா இருப்பா?"

"குரைச்சா நாய்தாங்க."

ஜட்ஜம்மா போனை மறு காதுக்கு மாற்றினாள். வார்த்தை மளமளவென்று வந்தது. "உன்னை இந்த எடத்துல உக்கார வெச்சதே நான்தான். ஞாபகம் இருக்கட்டும். நாளைக்கே வேற ஆளப் போட எனக்குத் தெரியும்."

"போடுங்க. ஆனா இன்னிக்கு நான்தானே இருக்கேன்?" நர்ஸின் குரல் நடுங்கியது. இருந்தாலும் நிறுத்தவில்லை. "அறிவிப்பு போடாம அந்தக் கதைய நீங்களே எடுத்துக்கிட்டீங்க. அதையும் பார்த்தேன். இதுவே வேற யாராவது பண்ணியிருந்தா நீங்க உரிச்சுத் தொங்க விட்டிருப்பீங்க. கதைய எடுத்துடறேன். அவங்க நன்றி சொல்லத் தேவையில்லன்னு எழுதிடறேன். வேற ஆளுக்கு அறிவிப்பும் போட்டுடறேன். பேஷண்ட் வாயத் தொறந்துட்டு உக்காந்திருக்காரு, வெச்சிடட்டுங்களா?"

வைத்துவிட்டாள். சொன்னபடியே எல்லாவற்றையும் செய்துவிட்டாள். ஜட்ஜம்மா வீட்டுக்குப் போய் நர்ஸை நீக்கும் அறிவிப்பை எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் போடவில்லை. போட்டால் ஏன் என்று குழு கேட்கும்.

புது அறிவிப்புக்குக் கை தூக்கியவள் பெட்ரோல் பங்கில் கல்லாவில் உட்காரும் ஒரு சின்னப் பெண். குழுவில் சேர்ந்தே சில வாரம்தான். அவள் எழுதிக் கொடுத்த கதையைப் பார்த்து ஜட்ஜம்மா வாய்விட்டுச் சிரித்தாள். கேப்டனுக்குத் தாடி முளைத்திருந்தது. தொடரில் அவர் மழுமழுவென்று இருப்பார். இழுவைக் கப்பலில் மாடிப்படி இரண்டு அடுக்கு ஏறியது. மழை ஒரு பக்கத்தில் நின்று, காரணமில்லாமல் அடுத்த பக்கத்தில் மறுபடி பிடித்தது. இரண்டு பேர் வாளியோடு நின்று தண்ணீரை இறைத்தார்கள், இறைத்தார்கள், இறைத்துக்கொண்டே இருந்தார்கள். களைத்துப் போய் ரேடியோக்காரி உட்கார்ந்தபோது கேப்டன் அவள் வாளியையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் கதை. குறைந்தபட்ச அளவைத் தாண்டி ஒரு வரி கிடையாது. சமையலறை என்று ஒன்று அந்தக் கப்பலில் இருப்பதே எழுதியவளுக்குத் தெரியாது போல.

'இதுக்கு என்ன நன்றி சொல்றான்னு பார்க்கலாம்' என்று ஜட்ஜம்மா காத்திருந்தாள். ரொம்ப நேரம் காக்க வேண்டியிருக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதும் எதுவும் நடத்துநர் அனுமதித்த பிறகுதான் மற்றவர்கள் கண்ணில் படும். அதனால் ஸ்டெப்னியின் நன்றி முதலில் ஜட்ஜம்மாவின் போனுக்குத்தான் வந்தது. அப்போது அவள் கடையின் உள்ளறையில், அடுத்த ஆள் வரும்வரை விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வரி இல்லை. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. கேப்டன் அந்த வாளியை வாங்கும் இடத்தைப் பஸ்ஸில் உட்கார்ந்து நாலு தடவை படித்தேன் என்று அக்கா எழுதியிருந்தாள். தாடி அவருக்கு நன்றாக இருக்கிறது, தொடரில் வைக்காமல் விட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தாள். யாரோ எனக்காக உட்கார்ந்து, நான் கேட்டதை மட்டும் எழுதிக் கொடுத்தது இதுதான் முதல் தடவை என்று எழுதியிருந்தாள். பேசிப் பேசிச் சிரிக்கும் அந்தப் பழைய அக்கா, மேல்கட்டிலிலிருந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கதை சொன்ன அதே அக்கா, வரிக்கு வரி இருந்தாள். முன்பின் தெரியாத ஒருத்திக்கு அள்ளி அள்ளிக் கொடுத்திருந்தாள்.

ஜட்ஜம்மா விதிகளின் பக்கத்தைத் திறந்தாள். இதை நிறுத்தி வைக்க ஏதாவது ஒரு விதி இருக்காதா என்று மேலிருந்து கீழ்வரை தேடிப் பார்த்தாள். அவளே போட்ட விதிகள்தான். ஓட்டை இல்லாமல் போட்டிருந்தாள். அனுமதித்தாள்.

கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் பங்க் பெண்ணின் பதில் அனுமதிக்கு வந்தது. யார் என்று காட்டக் கூடாது என்பதால் 'எழுதியவர்' என்று மட்டும் போட்டிருந்தாள்.

"நான் அழுதுட்டேங்க. இங்க எனக்கு யாரையும் தெரியாது. உங்கள அக்கான்னு கூப்பிடலாமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் அனுமதித்தாள். வெளியே ஆள் வந்துவிட்டார் என்று கடைப்பெண் கதவைத் தட்டினாள். ஒரு நிமிஷம் என்றாள் ஜட்ஜம்மா. ஸ்டெப்னியின் பதில் வந்து நின்றது. தான் எழுதுவது யார் கையைத் தாண்டி மேலே போகும் என்பது அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

"தாராளமா கூப்பிடும்மா. எனக்குத் தங்கச்சின்னு யாரும் கிடையாது."

ஜட்ஜம்மா அதை எத்தனை முறை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. கதவு மறுபடி தட்டப்பட்டது. அனுமதி என்ற இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள். கோட்டுப் பையில் போனைப் போட்டுக்கொண்டு விளக்கைப் போட்டு, உள்ளே வந்தவரை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். குழுவில் எல்லோருக்கும் அந்த வரி ரொம்பப் பிடித்துவிட்டது. ஒவ்வொருவராக வந்து அதற்கு இதயம் போட ஆரம்பித்தார்கள். போடும் ஒவ்வொரு முறையும் நடத்துநரின் போன் பைக்குள் அதிர்ந்தது.